வளைவில் கேட்ட மணி

எங்கள் வீட்டு அலமாரியில் ஒரு வெண்கல மாட்டுமணி இருக்கிறது. பேரப்பிள்ளைகள் அதை எடுத்து ஆட்டினால் எனக்கு இன்றும் திக்கென்றிருக்கும். அண்ணன் ஆசையாக வைத்திருந்த மணி அது. அண்ணியின் கால் நொண்டியானதும் அந்த மணியால்தான்.

இலங்கையில், நமுனுகுல மலைத் தேயிலைத் தோட்டத்தில் அண்ணன் மாட்டுவண்டி ஓட்டினார். தேயிலைப் பெட்டிகளைக் கீழே பதுளை டவுனுக்கு இறக்கும் வேலை. வளைவில் மணிச்சத்தம் கேட்டால், கொழுந்துக்கூடையோடு நடந்துபோகும் நாங்கள் சட்டென்று மலைப்பக்கம் ஒதுங்கி மண்சுவரில் ஒட்டி நிற்போம். மாடு மிரண்டு பள்ளத்தில் தள்ளிவிட்டால் என்னாவது என்ற பயம். அண்ணி மட்டும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, அண்ணனைப் பார்க்காதவள் போலப் பார்ப்பாள். அதைச் சொல்லிச் சொல்லியே எங்கள் லயத்து வீடுகள் வரும்வரை அவளைக் கேலி செய்வோம். எவ்வளவு நல்ல நாட்கள் அவை.

பிறகு தோட்டத்துக்கு லாரி வந்தது, மாடுகளை விற்றுவிட்டார்கள். லாரி ஓட்டக் கற்றுக்கொண்ட அண்ணன், பழைய பாசத்தில் செவலைக் காளையின் மணியை லாரியின் முன்னால் கட்டிக்கொண்டார். ஒருநாள் வளைவில் அந்த மணி கேட்டது. அண்ணியின் கால் தானாகவே மலைப்பக்கம் போனது. முன்சக்கரம் விலகித்தான் போனது. ஆனால் நீளமான வண்டியாயிற்றே, திரும்பும்போது பின்சக்கரம் உள்பக்கம் ஒட்டி வந்து, மண்சுவரோடு சேர்த்து அவள் காலை நசுக்கிவிட்டது. பாதையெல்லாம் கொழுந்து கொட்டிக் கிடந்தது. அண்ணன் இறங்கி ஓடிவந்து அலறிய அலறலை நான் மறந்தால்தானே.

ஆஸ்பத்திரியில் காலைக் காப்பாற்றிவிட்டார்கள், நொண்டல்தான் போகவில்லை. அண்ணன் மணியைக் கழற்றி எறிந்துவிட்டு, லாரிப் பக்கமே போகாமல் மண்வெட்டியைத் தூக்கினார். சோறு இறங்கவில்லை, யாரோடும் பேச்சில்லை. மனுஷனை இப்படியே இழந்துவிடுவோமோ என்றுதான் அண்ணி பயந்தாள். கால்வலியெல்லாம் அவளுக்கு அப்புறம்தான். ஒருநாள் விடியற்காலையில் அந்த மணியைத் தேடி எடுத்துவந்து அவர் கையில் வைத்தாள்.

“இதுமேல குத்தமில்லைங்க. உங்கமேலயும் இல்ல. நாங்க நின்ன பக்கந்தான் தப்பு. போயி கட்டுங்க.”

“என்னால ஏலாது புள்ள,” என்றார் அண்ணன்.

“ஏலும். நான் அங்க வந்து நிக்கிறேன்.”

சொன்னபடியே தடியூன்றி வளைவுக்கு வந்தாள். எங்களையெல்லாம் மறுபக்கம் இழுத்துப்போய், பள்ளத்தை ஒட்டிய அகலமான புல்தரையில் நிறுத்தினாள். மணி கேட்டது. என் கால் பழையபடி மலைப்பக்கம் ஓடப் பார்த்தது. அண்ணி என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். லாரி மெல்ல ஊர்ந்து எங்களைக் கடந்தது. அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஓட்டினார். அண்ணி முந்தானையைச் சரிசெய்துகொண்டு, அன்றைக்கு அவர் முகத்தை நேராகவே பார்த்தாள்.

இருவரும் போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. இதோ, பேரன் மணியை ஆட்டிக்கொண்டிருக்கிறான். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் என் கையை யாரோ இறுகப் பிடிப்பதுபோல் இருக்கிறது.