என் காருக்கு அண்ணாவின் கையை அளந்த கதை

இன்று காலை குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு பழைய போட்டோ!

காளிகாட்டில் ஒரு சந்து, ஒரு கறுப்பு அம்பாசடர், பானெட்டில் கையை ஊன்றிக்கொண்டு என் அண்ணா ரவி. கீழே அவன் பெண் எழுதியிருக்கிறாள்: "அப்பாவோட ஃபர்ஸ்ட் கார்!" வரிசையாக இதயங்கள் வேறு.

அப்பாவோட காரா? அது என் கார்!

குரூப்பில் சண்டை போட்டால் பிரஷர் ஏறும் என்று இங்கே வந்திருக்கிறேன். (இங்கேயும் ஏறத்தான் போகிறது.)

எழுபதுகளின் நடுப்பகுதி. கல்கத்தாவில், டாக்குரியாவில் குடியிருந்தோம். சின்ன வயதில் போலியோ வந்ததில் எனக்கு வலது கால் வராது. இரும்புக் காலிப்பர், கையில் தடி. டல்ஹௌசியில் ஒரு ஆபீசில் வேலை. ஓடுகிற பஸ்ஸில் தொற்றிக்கொள்ளும் ஊரில் நான் எங்கே பஸ் ஏறுவது? அப்பாதான் தினமும் தன் காரில் கொண்டுபோய் விடுவார்.

திடீரென்று அப்பாவுக்கு மெட்ராஸுக்கு டிரான்ஸ்ஃபர். அண்ணாவுக்கும் அங்கேயே வேலை கிடைத்துவிட்டது.

நான் கார் ஓட்டினால் அம்மாவும் நானும் இங்கேயே இருக்கலாம். ஓட்ட முடியாவிட்டால் வேலையை ராஜினாமா செய்துவிட்டு நானும் மூட்டை கட்ட வேண்டும்.

அப்பா தன் காரை எனக்கே விட்டுவிடுவதாகச் சொல்லி, எனக்குத் தோதாக மாற்றக் காளிகாட்டில் ஹாரு மிஸ்திரியின் பட்டறைக்குக் கொண்டுபோனார். பாடி கட்டுகிறவர். லாரி முகப்பு முதல் கல்யாண ஊர்வலக் கார் வரை தகட்டைத் தட்டித் தட்டியே உருவாக்கிவிடுவார்.

அவர் தாளில் எதையும் வரைய மாட்டார். பட்டறைத் தரையில் சாக்பீஸால் காரையே முழு அளவில் வரைவார். நடுவில் ஒரு பிரம்பு மோடாவைப் போட்டு, ஓட்டப்போகிறவரை உட்காரவைத்து, கையில் மூங்கில் குச்சியைக் கொடுத்துத் தள்ளச் சொல்வார், இழுக்கச் சொல்வார். கை எட்டுகிற இடத்தில் ஒரு கோடு. அந்தக் கோட்டுக்குத்தான் இரும்பை வெட்டுவார்.

எனக்கு பிரேக்கும் ஆக்ஸிலரேட்டரும் ஒரே கம்பியில், கையால். முன்னே தள்ளினால் பிரேக், என் பக்கம் இழுத்தால் வேகம். கிளட்ச் மட்டும் இடது காலுக்கு.

சரி, அந்த மோடாவில் யார் உட்கார்ந்தது தெரியுமா?

அண்ணா!

நான் வாசலில் நாற்காலியில், மண்குவளையில் டீயோடு. (பிஸ்கட் கூடக் கொடுத்தார்கள். மரியாதைக்குக் குறைச்சலே இல்லை.)

"அப்பா, ஓட்டப்போறது நான். நான் உக்காரட்டுமா?"

"தரையெல்லாம் கிரீஸ்மா. இத்தனை ஆம்பளைங்க வேற நிக்கறாங்க. அண்ணன் தங்கச்சிதானே, ஒரே உடம்புவாகுதான்!"

ஹாரு மிஸ்திரியும் தலையாட்டினார். வீட்டுப் பெண்ணின் கையைப் பிடித்து அளப்பதாவது! அவருக்குக் கூச்சம், அப்பாவுக்குக் கௌரவம்.

அண்ணா ஆறடி. நான் அவன் தோளுக்குக்கூட வர மாட்டேன். ஒரே உடம்புவாகாம்!

வண்டி தயாரானபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது, பொய் சொல்ல மாட்டேன். காலிப்பரோடு ஏறுவதற்குக் கதவு அகலமாகத் திறந்தது. மடக்க முடியாத காலை நீட்டிக்கொள்ளும்படி சீட்டைப் பின்னுக்குத் தள்ளிப் பதித்திருந்தார். தட்டிய தகட்டில் ஒரு நெளிவு இல்லை.

மிஸ்திரி பக்கத்தில் உட்கார, சந்திலேயே முதல் ஓட்டம். ஊர்ந்துதான் போனேன். சந்து முனையில் பூஜைக்காக வைக்கோலில் கட்டிய துர்க்கையின் சிங்கம் நின்றது. பிரேக்கைத் தள்ளினேன். கை முழுக்க நீண்டுவிட்டது, கம்பி பாதிதான் போயிருந்தது. முதுகைத் தூக்கி முன்னால் சாய்ந்து தள்ளிய பிறகுதான் வண்டி நின்றது.

அதற்குள் சிங்கத்துக்கு வால் போய்விட்டது!

"நான் அப்பவே சொன்னேன், இதெல்லாம் இவளுக்கு ஒத்து வராதுன்னு" என்றான் அண்ணா.

"போதும்மா. மெட்ராஸ்ல வேற வேலை பாத்துக்கலாம்" என்றார் அப்பா.

மிஸ்திரி பெங்காலியில் சொன்னார்: "கம்பியில தப்பே இல்ல பாபு. திதிமணிக்கு பயம். கை நடுங்குது." (திதிமணி நான்தான். வீட்டுப் பெண்ணை அங்கே அப்படித்தான் மரியாதையாகக் கூப்பிடுவார்கள்.)

பயமா? எனக்கா? எனக்கு வந்தது கோபம்! இதை டைப் செய்யும்போதுகூட வருகிறது.

இறங்கினேன். தடியை ஊன்றிக்கொண்டு நேராகப் பட்டறைக்குள் போய், அந்தச் சாக்பீஸ் காருக்கு நடுவில் மோடாவில் உட்கார்ந்தேன். (புடவை அன்றோடு போச்சு.) கையை நீட்டினேன். என் விரல் நுனிக்கும் அண்ணாவின் கோட்டுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி.

"நல்லா பாருங்க ஹாரு-தா, கை நடுங்குதா? என் காருக்கு நீங்க யார் கையை அளந்தீங்க?"

மிஸ்திரி குனிந்து அந்த இடைவெளியைப் பார்த்தார். பிறகு ஈரத்துணியால் அண்ணாவின் கோட்டை அழித்துவிட்டு, சாக்பீஸை என்னிடம் நீட்டினார். அப்போதும் கூச்சம் போகவில்லை.

"நீங்களே போடுங்க."

போட்டேன்.

புதுக் கம்பி வந்தது. வண்டி நினைத்த இடத்தில் நின்றது. லைசென்ஸும் வாங்கினேன்.

உடனே அண்ணாவுக்கு ஆசை வந்துவிட்டது. "நான் ஒரு ரவுண்டு போயிட்டு வரேன்" என்று ஏறி உட்கார்ந்தான். கம்பி நேராக அவன் வயிற்றில் முட்டியது. இழுக்க இடமே இல்லை.

"மிஸ்திரி, இதைக் கொஞ்சம் தள்ளி வைங்களேன். லீவுல வந்தா நான் ஓட்ட வேண்டாமா?"

"இது திதிமணி கைக்குக் கட்டினது. உங்களுக்கென்ன, பின் சீட்டு இருக்கே!"

அவர்கள் மெட்ராஸ் கிளம்பிய அன்று ஹவுரா ஸ்டேஷன் வரை நான்தான் ஓட்டினேன். என் பக்கத்தில் அம்மா. பின்னால் அப்பாவும் அண்ணாவும், மடியில் பெட்டி படுக்கையோடு.

பாலத்து நெரிசல் முழுக்க அப்பா "பிரேக்மா, பிரேக்மா" என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஒவ்வொரு முறையும் அவர் சொல்லி முடிப்பதற்குள் வண்டி நின்றிருந்தது!