பிடரிக்கு ஒரு திருகு

தலைநோவு எனக்குத் தலையில் தொடங்குவதில்லை. மண்டையோடு முடிந்து கழுத்து தொடங்குகிற பள்ளத்தில், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு முடிச்சுகள். காலையில் வேர்க்கடலை அளவு. மதியத்துக்குள் கொட்டைப்பாக்கு. அங்கிருந்து ஒரு கயிறு கிளம்பிக் காதுக்குப் பின்னால் ஏறி, நெற்றியைச் சுற்றி வந்து, கண்ணுக்கு மேலே முடிந்துகொள்ளும். மறுமுனையை யாரோ இழுத்துப் பிடித்திருப்பது போலவே சமைப்பேன், நடப்பேன், எழுதுவேன். எழுதிய வரியும் விறைத்துக்கொண்டு நிற்கும்.

ஆர்.எஸ்.புரத்து டாக்டர் மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டார். "நீங்க அள்ளிப் போட்ட மாத்திரையே இப்ப வலியக் கொண்டு வருதுங்க. தசை இறுகிக் கிடக்குது. அந்த எடத்துல வெரலை வெச்சு அழுத்திப் பாருங்க" என்றார்.

அழுத்தினேன். முடிச்சு இளகத்தான் செய்தது. ஆனால் அது இளகுவதற்குள் கட்டைவிரல் ஓய்ந்துவிடும். வீட்டில் இன்னொரு ஜோடிக் கை உண்டு, கணவருடையது. பம்பு உதிரிபாகம் கடையும் பட்டறைக்காரர். அந்தக் கை பிடித்தால் இரும்பே வழிக்கு வரும். ஆனாலும் ஒவ்வொரு முறையும் "கொஞ்சம் அழுத்திவுடுங்க" என்று முதுகைக் காட்டி உட்கார எனக்கு ஒப்பவில்லை. வலி ஒரு சுமை, அதற்குக் கேட்டு வாங்கும் இரக்கம் இன்னொரு சுமை. நானே எனக்குச் செய்துகொள்ள ஒரு கருவி வேண்டும் என்றேன்.

சொன்னது கோயம்புத்தூர்க்காரரிடம். இந்த ஊரில் எதுவும் சரியாக ஓடவில்லையென்றால் முதலில் திருகை இறுக்குவார்கள். அதற்கும் மசியாவிட்டால் மோட்டார் மாட்டுவார்கள்.

"சின்னதா ஒரு மோட்டார் வெச்சுரலாமா?"

"இது கழுத்துங்க. கெணறு இல்ல."

அவர் சிரித்துக்கொண்டே திருகோடு நிறுத்தினார். பட்டறையில் செய்ததைப் பனியன் வேஸ்ட் துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டு வந்தார். லாடம் போல வளைத்த பட்டை, உள்பக்கம் ரெக்சின், இரு முனையிலும் உருண்டைக் குமிழ். பின்னால் ஒரு திருகு. கழுத்தில் மாட்டிக்கொண்டு திருகத் திருகக் குமிழ்கள் இரண்டும் நெருங்கி வந்து பிடரியைக் கவ்வும். அழகாகத்தான் இருந்தது. மெருகேற்றிய குமிழில் என் முகம் தெரிந்தது.

மாட்டினேன். திருகக் கையைப் பின்னால் தூக்கியதுமே தோள் ஏறிக்கொண்டது. தோள் ஏற, கழுத்து இறுகியது. எந்தத் தசையை இளக்க வேண்டுமோ அதையே விறைப்பாக்கிக்கொண்டு அதன்மேல் இரும்பை அழுத்தினேன். கயிறு படீரென்று கண்வரை சுண்டியது.

"நோவு அதிகமாகுதுங்க. கையத் தூக்குனாலே தோளு ஏறிக்குது. தப்பு இதுல இருக்குது."

"புதுசில்ல? ரெண்டு நாள் பழகு."

இரண்டாவதாகச் செய்ததை அன்னூரில் இருக்கும் அவருடைய அக்காவுக்கு, என் நங்கையாவுக்கு, அனுப்பிவைத்தார். அவருக்கும் இதே நோவு. ஒரு வாரம் கழித்துக் கணவர் அவருக்குப் போன் போட்டு, நானும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தார்.

"எப்படீங்க்கா இருக்குது?"

"ரொம்ப நல்லா இருக்குது சாமி. நீ செஞ்சா வேறெப்படி இருக்கும்?"

அவர் என்னைப் பார்த்தார்.

அதன்பின் நான் நோவு என்று வாயைத் திறந்தாலே, "அக்காவுக்குச் சரியாப் போச்சு. உனக்கு மட்டும் என்னன்னு தெரீல" என்பார். கோபமாக இல்லை, உண்மையிலேயே விளங்காதவராக. அதுதான் என்னைக் கலக்கியது. ஒரு கட்டத்தில் நானே என்னைச் சந்தேகித்தேன். வலியை நான்தான் ஊதிப் பெரிதாக்குகிறேனோ? வேலை வெட்டி இல்லாத மனசின் வித்தையோ? மாத்திரை இல்லாத தலை, நம்புவாரில்லாத வலி. இரண்டையும் சுமந்துகொண்டு பகல் முழுக்க அறைக்கு அறை நடந்தேன். அவரோ உறவில் ஒரு புதுமனை புகுவிழா வருகிறதென்று, "ஒறம்பரைக்கெல்லாம் ஆளுக்கொண்ணு குடுத்துரலாம்" என்று பட்டை வெட்டவே தொடங்கிவிட்டார்.

எங்கள் பக்கத்து வழக்கம் எனக்குத் தெரியாததா? விருந்தில் ரசம் உப்புக் கரித்தாலும் இரண்டு தரம் வாங்கிக் குடித்துவிட்டு, நல்லா இருக்குதுங்க என்று எழுந்துவருகிறவர்கள் நாங்கள். அப்படிப்பட்டவர்களிடம் கொடுத்து, எப்படி இருக்கிறது என்று கேட்டால்?

"வண்டிய எடுங்க. அன்னூர் போலாம். அவிய மாட்டறத நான் பார்க்கோணும்."

சரவணம்பட்டி சிக்னலில் ஒவ்வொரு ஹாரனும் பிடரியில் இறங்கியது. நங்கையாவுக்கு நிஜமாகவே குணமாகியிருந்தால் திரும்பி வரும்போது நான் என்ன சொல்வேன் என்பதை மட்டும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

காபி குடித்து முடிக்கும்வரை பொறுத்தேன். "நங்கையா, அதக் கொஞ்சம் மாட்டிக் காட்டுங்க."

"இப்ப எதுக்கு அம்மணி? சோறு ஆக்கறேன், தின்னுபோட்டு..."

"மாட்டுங்க்கா, பார்க்கறோம்" என்றார் அவரும்.

நங்கையா பீரோவைத் திறந்து, பட்டுப் புடவைகளுக்கு நடுவிலிருந்து அதை எடுத்துவந்தார். மாட்டினார். திருகினார். இன்னும் திருகினார். அதற்குமேல் திருக மரை இல்லாத இடம்வரை போய் நிறுத்தினார். உதட்டில் சிரிப்பு இருந்தது. முகத்தில் ரத்தமே இல்லை. கண்ணோரம் நீர் கோத்து நின்றது.

"நல்லா இருக்குது" என்றார்.

பாய்ந்துபோய்த் திருகைத் தளர்த்தினேன். கொண்டையை ஒதுக்கிப் பார்த்தால், பிடரியில் குமிழ் பதிந்த இரண்டு இடமும் நாவற்பழமாகக் கன்றிக் கிடந்தன.

"இத்தனை இறுக்கச் சொன்னது யாருங்க்கா?" என் கணவர் குனிந்து அந்தக் கன்றலைப் பார்த்தார்.

"கடைசி மரை வரைக்கும் போனாத்தான் கேக்குமாட்டம் இருக்குதுன்னு நெனச்சேன். நோவு போகலீன்னா நாந்தான் சரியா இறுக்கலீன்னு..."

"ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன?"

"என்ற தம்பி ஆசையாச் செஞ்சு குடுத்தது. அதப் போய் நொட்டஞ் சொல்லுவாங்களா?"

கணவர் எழுந்து வெளியே போனார். வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார் என்றே பயந்தேன். டிக்கி திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தவர் கையில் இரண்டு கப்ளிங் புஷ். மோட்டாரும் பம்பும் சேரும் இடத்தில் அதிர்வு தாங்க வைக்கிற, கட்டைவிரல் பருமனுள்ள கறுப்பு ரப்பர்த் துண்டுகள். விறைப்பாக இருந்தாலும் நசுங்கிக்கொடுக்கும்.

"திருகே வேண்டாம். தலையோட கனமே அழுத்தட்டும். கை சும்மா கெடக்கோணும். அதான நீ சொன்னது?" என்றார் என்னிடம்.

நான் அத்தனை தெளிவாகச் சொல்லியிருக்கவில்லை. ஆனால் கேட்டிருக்கிறார்.

குளிக்கிற துண்டைச் சுருட்டி, மடிப்பில் புஷ்கள் இரண்டையும் செருகித் தரையில் வைத்தோம். நங்கையாவின் பிடரி கன்றியிருந்ததால் நான்தான் படுத்தேன். நங்கையா பக்கத்தில் உட்கார்ந்து என் தோளைத் தொட்டுப் பார்த்தார்.

"தோள வுடு கண்ணு. தூக்கிப் புடிச்சுட்டே கெடக்கற."

விட்டேன். தலையின் கனம் மெல்ல இறங்கியது. இத்தனை கனமா இந்தத் தலை?

"எப்படி இருக்குது?" என்றார் அவர்.

"எலும்புல குத்துது. கீழ எறக்குங்க."

இறக்கினார். "இப்ப?"

"வலது பக்கம் சரி. எடது தள்ளிப் போயிருச்சு."

நங்கையா திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். ஒரு புருஷன் மண்டியிட்டுச் செய்கிற காரியத்தில் ஒருத்தி இப்படிக் குறை சொல்லிக்கொண்டே போவதை அவர் பார்த்ததில்லை போலும். பிறகு தாமே குனிந்து இடது புஷ்ஷை ஒரு நெல்லளவு நகர்த்தினார்.

முடிச்சின் நடுவில் ரப்பர் உட்கார்ந்தது. வலித்தது, ஆனால் இது ஏறுகிற வலி இல்லை. ஓரிடத்தில் நின்று, யோசித்து, பிறகு ஓரத்தில் கொஞ்சம் இளகிக் கொடுக்கிற வலி. கயிறு அறுபடவில்லை. இழுத்துப் பிடித்திருந்த கை மட்டும் சற்றே தளர்ந்தது.

"போயிருச்சா?" என்றார் நங்கையா ஆவலாக.

"இல்லீங்க. இன்னும் இருக்குது."

அவர் முகம் சுருங்கவில்லை. "எந்த எடத்துல?" என்று கேட்டுவிட்டு, நான் விரல் வைத்துக் காட்டும்வரை காத்திருந்தார்.