நகர்ந்துகொண்டிருந்த புள்ளி

கோடையில் என் கணவர் ரொறன்ரோவிலிருந்து வடக்கே போய், காட்டு ஏரிகளில் தனியே துடுப்புப் போட்டு வள்ளம் வலிப்பார். அங்கே போன் வேலை செய்யாது. அதனால் உதவி கேட்கும் பொத்தானுள்ள, செயற்கைக்கோள் வழி இயங்கும் செய்மதிக் கருவி ஒன்றைப் பையில் வைத்திருப்பார். அது இருக்கும் இடம் என் போனில் புள்ளியாகத் தெரியும்.

ஒருநாள் மாலை புள்ளி ஏரியில் மெல்ல நகர்ந்தது. "அப்பா இன்னும் வலிச்சுக்கொண்டிருக்கிறார்," என்று மகளிடம் சொல்லிவிட்டு நிம்மதியாகச் சமைத்தேன்.

உண்மையில் வள்ளம் பாறையில் மோதிக் கவிழ்ந்து, பை மட்டும் மிதந்துபோயிருந்தது. அவர் கால் முறிந்து கரையில் கிடந்தார். மறுநாள் அவ்வழியே வந்தவர்கள்தான் காப்பாற்றினார்கள்.

"கத்திக் களைச்சுப்போனன். நீர் என்னைத் தேடேல்லையோ?" என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்.

"நீங்கள் போய்க்கொண்டிருக்கிறியள் எண்டு நினைச்சன்," என்றேன்.

கால் சுகமாகி மறுபடி போகிறார். இப்போது கருவியை அவருடைய லைஃப் ஜாக்கெற்றிலேயே கட்டிவிடுகிறேன். மாலையில் அந்தக் கருவியிலிருந்து அவர் எழுதும் செய்தி வந்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்குகிறது.