மேசையில் வைத்த பஞ்சு

என் தம்பிக்கு அப்போது முப்பது வயது. பேச்சு குறைவு. சிங்கப்பூர் தேக்காவில் ஒரு மசாலா மில்லில் மல்லியில் கல் பொறுக்கும் வேலை. ஒரு கல் தப்பாது.

"சுல்தான் பாத்தாத்தான் மல்லிக்கே மரியாதை லா" என்று அங்கே கேலி செய்வார்கள். அவனும் சிரிப்பான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் மில்லுக்குப் புது மெஷின் வந்தது. ஒரே நாள்தான் போனான். மறுநாள் கட்டிலைப் பிடித்துக்கொண்டு வேலைக்குப் போகமாட்டேன் என்றான். இழுத்துப் பார்த்தேன். அடித்தும் பார்த்தேன். எனக்குக் கப்பல் பட்டறையில் வேலை. அவனை புக்கிட் பாஞ்சாங் வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டுப் போனேன். வேறு ஆள் இல்லை.

இவனைப் போன்றவர்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஓர் இல்லத்தில் இடம் கேட்டேன். அங்கிருந்து ஒரு பெண் வந்தாள். இப்படிப்பட்டவர்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவள். தமிழ்ப் பிள்ளை. ஆட்டிசம் என்ற சொல்லை அவளிடம்தான் முதலில் கேட்டேன்.

"ஏன் அங்கிள் வேலைக்குப் போகமாட்டேங்குறார்?"

"பிடிவாதம்மா."

"எதுக்காவது பயப்படுவாரா?"

"அவனுக்கு ஒன்னும் தெரியாதும்மா."

தம்பி பக்கத்தில்தான் இருந்தான். எழுந்து போய்த் தலையணையைப் பிய்த்து, கொஞ்சம் பஞ்சைக் கொண்டுவந்து அவள் தாளின் மேல் வைத்தான். அவள் "தேங்க்ஸ்" என்று சொல்லி, விரலால் அதை ஓரமாகத் தள்ளிவிட்டு எழுதினாள். தலையணையைக் கிழித்ததற்கு நான் திட்டினேன்.

இடம் கிடைத்தது. கொண்டுபோய் விட்டேன்.

பிறகு அவன் மெத்தையைத் தூக்கினேன். அடியில் பஞ்சு உருண்டைகள். காதில் வைக்கும் அளவு. காது அழுக்கு ஒட்டியிருந்தது. மெஷின் சத்தம்தான். பட்டறையில் பாதிக் காது போனவன் நான். அது எனக்குத் தோன்றவே இல்லை.

திரும்ப அழைத்துவரக் கேட்டேன். பகலில் வீட்டில் யார் இருப்பார்கள் என்றார்கள். அவனை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். அந்தப் பெண்ணுக்குப் பஞ்சு விஷயத்தைச் சொல்லி அனுப்பினேன்.

இரண்டு வருடம் கழித்து வந்தாள்.

"தப்பு பண்ணிட்டேன் அங்கிள். இந்தத் தடவை அவர்கிட்டயே கேக்கப் போறேன். எதை ஆராயணும்னும் அவரே சொல்லட்டும். எங்களோட சேந்து செய்யட்டும்."

"அவன் இப்ப யார்கிட்டயும் எதையும் காட்டுறதில்லம்மா."

"கேட்டுப் பாப்போம்."

போனோம். கூடத்தில் டிவி அலறிக்கொண்டிருந்தது. தம்பி அதற்கு நேர் எதிரில் உட்கார்ந்திருந்தான், காதில் பஞ்சு இல்லை, கைகள் மடியில். அவள் தாளும் பென்சிலும் மேசையில் வைத்து, மெதுவாகக் கேட்டாள். அவன் பார்க்கவில்லை. நான் பையிலிருந்து கொஞ்சம் பஞ்சை எடுத்து அவன் முன்னால் வைத்தேன்.

கொஞ்ச நேரம் அதையே பார்த்தான். பிறகு ஒற்றை விரலால் ஓரமாகத் தள்ளிவிட்டான்.

அவள் அன்று ஒன்றும் எழுதவில்லை.