இருபதடிக் கயிறு

என் பையைத் தலைகீழாகப் பிடித்து இரண்டு உலுக்கு உலுக்கினார். துணிமணி, சீப்பு, தைலக் குப்பி, பாதி படித்த நாவல் எல்லாம் விடுதிக் கூடத்துத் தரையில் பொலபொலவென்று விழுந்தன. கேட்டுவிட்டுச் செய்கிற வழக்கமெல்லாம் அவருக்குக் கிடையாது. ஐம்பத்திரண்டு வயதுப் பெண்பிள்ளையின் உள்பாவாடைகூட அங்கே கிடக்கிறதே என்று நான் பதறிக்கொண்டிருக்க, அவர் குந்தி உட்கார்ந்து ஒரே ஒரு பொருளைத்தான் தேடினார். தலைவலி மாத்திரை. என் பையில் ஒரு அட்டை இருந்தது. என் அண்ணன் பையில் இரண்டு. எங்களோடு வந்த பல் டாக்டரின் பையில் ஒரு டப்பா நிறைய.

"வலிச்சா எங்கிட்ட சொல்லுங்க. மாத்திரையப் போட்டு வலிய அமுக்கிட்டு மேல வந்தீங்கன்னா, அப்புறம் உங்களத் தூக்கிட்டுத்தான் எறங்கணும்" என்றார், பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிற குரலில். மாத்திரைகளை எல்லாம் வாரித் தன் சட்டையின் உள்பையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடினார்.

இந்த மனிதர்தான் எங்கள் வழிகாட்டி. ஆறு நாளில் சிகரத்துக்கு ஏற்றி, இரண்டு நாளில் இறக்கிக் கொண்டுவருகிற வேலை. இருபத்திரண்டு வருடமாக இதே மலை. அனுமதிச் சீட்டு கொடுக்கிற அலுவலகம் முதல் அடிவாரத்து டீக்கடை வரைக்கும் எல்லோருக்கும் அவர் கயிற்றுக்காரர். குள்ளமான உருவம், தோல் உரிந்த மூக்கு. இடது காதின் மேல்நுனி இல்லை. பனியில் கருகி விழுந்துவிட்டதாம். "கண்ணாடி மட்டும் கொஞ்சம் கோணலா நிக்கும், மத்தபடி ஒரு நஷ்டமும் இல்ல" என்பார். தளும்பத் தளும்ப நிரப்பிய குடத்தைத் தூக்கி வருகிறவரைப் போல அவ்வளவு நிதானமாக நடப்பார். முதல் நாள் எனக்குப் பொறுமையே போய்விட்டது. மூன்றாம் நாள், இன்னும் மெதுவாக நடக்கமாட்டாரா என்று ஏங்கினேன்.

கயிற்றுக்காரர் என்ற பெயருக்குக் காரணம் காலையில் தெரியும். கூடாரத்தை விட்டு வெளியே வந்ததும், டீ கிடைப்பதற்கு முன்னால், பெரிய சுருளிலிருந்து இருபதடிக் கயிற்றை இழுத்துத் தரையில் நேராகப் போடுவார். ஒவ்வொருவரும் அதன்மேல் குதிகாலும் விரலும் தொட்டுக்கொள்ள அடிமேல் அடி வைத்து நடக்க வேண்டும். உயரம் ஏற ஏறக் காற்று குறையும். சிலருக்கு மூளையில் நீர் கோத்து வீங்கத் தொடங்கும். வீங்குகிறவருக்கே அது தெரியாது, நன்றாக இருக்கிறேன் என்றுதான் சத்தியம் செய்வார். ஆனால் கால் தடுமாறிவிடும். அப்படித் தடுமாறியவரை உடனே கீழே இறக்காவிட்டால் பிழைப்பது கஷ்டம்.

"முடியுமான்னு கேட்டா எல்லாரும் முடியும்னுதான் சொல்வாங்க. அதனால நான் கேக்கறதே இல்ல" என்பார் கயிற்றுக்காரர்.

அவருடைய மச்சான்தான் எங்கள் சமையல்காரரும் இரண்டாவது வழிகாட்டியும். வாயாடி. "எங்கக்காவையே இந்தக் கயித்துல நடக்கவிட்டுத்தான் கட்டிக்கிட்டாரு" என்று சூப்பைக் கிண்டிக்கொண்டே சொல்வார். கயிற்றுக்காரர் சிரிக்கமாட்டார். "உன்ன நடக்கவிட்டிருந்தா இந்தச் சம்பந்தமே வேணாம்னுருப்பேன் மாப்ள" என்பார்.

ஐந்தாம் நாள் மாலை கடைசிக் கூடாரத்துக்கு வந்துசேர்ந்தோம். மறுநாள் விடிந்ததும் கிளம்பினால் ஆறு மணி நேரத்தில் சிகரம். கத்தியைக் கூர்ப்பக்கம் மேலாக நிறுத்திவைத்தது மாதிரி ஒரு பனிமுகடு, இரண்டு பக்கமும் பாதாளம். அதில் ஐந்து பேரையும் அதே கயிற்றால் ஒன்றாகக் கட்டி, அவர் முதல் ஆளாகப் போவார் என்று ஏற்பாடு.

விடிந்தது. கயிறு தரைக்கு வந்தது. பல் டாக்டர் தேறினார். நான் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு எப்படியோ தேறினேன். என் அண்ணன் எட்டாவது அடியில் வெளியே மிதித்தார். மறுபடி நடந்தார், மறுபடி வெளியே. மூன்றாவது தடவையும் அப்படியே.

"நீங்க கீழ போறீங்கண்ணே" என்றார் கயிற்றுக்காரர்.

என் அண்ணன் ஓய்வு பெற்ற நில அளவையர். இந்தப் பயணத்துக்காக முதுகில் அரிசி மூட்டையைக் கட்டிக்கொண்டு ஒரு வருடம் எட்டு மாடிப் படி ஏறி இறங்கியவர். அவருக்கு வந்ததே கோபம்! "முப்பத்தஞ்சு வருஷம் நேர்கோடு போட்டுச் சம்பாதிச்சவன்யா நான்! எனக்கே கோடு காட்டறியா நீ?"

சண்டை முற்றப்போகிறதே என்று நான்தான் குறுக்கே புகுந்தேன். "எங்களையே வெரட்டறீங்களே, நீங்க ஒரு தடவ நடந்து காட்டுங்களேன், பாப்போம்!" விளையாட்டாகத்தான் சொன்னேன். சத்தியமாக விளையாட்டாகத்தான்.

அவரும் சிரித்துக்கொண்டே கயிற்றின்மேல் கால் வைத்தார். ஆறாவது அடி, கயிற்றுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. நாங்கள் கொல்லென்று சிரித்தோம். "மாமா, நடிப்பு பிரமாதம்!" என்று மச்சான் கைதட்டினார். கயிற்றுக்காரர் ஆரம்பத்துக்குத் திரும்பினார். இந்தத் தடவை நான்காவது அடியிலேயே உடம்பு சாய்ந்து, கையைத் தரையில் ஊன்றித்தான் நின்றார். மச்சானின் கைதட்டல் நின்றுபோயிற்று.

 முந்தின நாள் சாயங்காலம் கயிற்றுக்காரர் அண்ணனிடம் "உங்களுக்கு எத்தன பிள்ளைங்க?" என்று இரண்டு தடவை கேட்டாரே! காலையில் கையுறையைக் கை மாற்றிப் போட்டுக்கொண்டு அவிழ்த்தாரே! எல்லாவற்றையும் பார்த்தோம். எல்லாவற்றுக்கும் சிரித்தோம். நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் இன்னும் கால்மணி நேரத்தில் இந்த மனிதரின் இடுப்போடு எங்களை எல்லாம் கட்டிக்கொண்டு அந்த முகட்டில் ஏறியிருப்போம். 

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார். சட்டையின் உள்பை ஜிப்பைத் திறந்தார். மாத்திரை அட்டைகளை எடுத்து வைத்தார். ஒன்று காலி. பின்பக்கம் காலாவதித் தேதி நீல மையில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. என் கையெழுத்து!

"உங்க அட்டதாம்மா. மூணு நாளாப் போடறேன்" என்றார். யாரும் அவரைக் கேட்கவில்லை.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்களிடமிருந்து எதைப் பிடுங்கினாரோ அதையே! மச்சானின் முகத்தில் ஈயாடவில்லை. "மாமா… நீங்களா?" என்றார்.

பல் டாக்டருக்கு மட்டும் மனசு சிகரத்திலேயே இருந்தது. "லேசா வழுக்கிருக்கும். நீங்க இங்கயே படுத்து ரெஸ்ட் எடுங்க, உங்க மச்சான் எங்கள மேல கூட்டிட்டுப் போகட்டும். அஞ்சாறு மணி நேரந்தான?" என்றார். ஒரு டாக்டர் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை!

"இதே உங்களுக்குன்னா நான் என்ன சொல்லிருப்பேன் டாக்டர்? எல்லாரும் எறங்கணும்." கயிற்றுக்காரர் மச்சான் பக்கம் திரும்பினார். "மாப்ள, நல்லாக் கேட்டுக்க. இன்னும் கொஞ்ச நேரத்துல நான் வரமாட்டேன்னு அடம்புடிப்பேன். திட்டுவேன். எம் பேச்சக் கேக்காத. கட்டி இழுத்துட்டுப் போ."

சொன்னபடியே நடந்தது. மச்சான் ஊசி போட்டு, ஆக்சிஜன் வைத்து இறக்கத் தொடங்கி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. கயிற்றுக்காரர் பாறை ஒன்றின்மேல் உட்கார்ந்துகொண்டு, மேலே போகணும், எல்லாரும் மேலே வாங்க என்று கத்தினார். மச்சானைப் பார்த்து, "நீ யாருடா எனக்குச் சொல்றதுக்கு? உன்ன நான் பாத்ததே இல்ல" என்றார். அந்த வாயாடி மச்சான் அழுதுகொண்டே அவர் இடுப்பில் கயிற்றைக் கட்டினார். 

இறங்க இறங்க என் அண்ணனுக்குத் தலை தெளிந்துவிட்டது. காலையில் சண்டைக்கு நின்ற அதே அண்ணன், கயிற்றுக்காரருக்கு முன்னால் நடந்து, "எங் குதிகால மட்டும் பாத்து வைங்க தம்பி, ஒண்ணு… ரெண்டு…" என்று குழந்தையை நடத்துகிற மாதிரி நடத்திக்கொண்டு வந்தார். இன்னும் இரண்டு மணி நேரம் தாமதித்திருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

ஆறு வாரம் கழித்து அவர் வீட்டுக்குப் போனேன். மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. இரண்டே அறை. முன்னறையை அவர் மனைவியின் தையல் மெஷின் அடைத்துக்கொண்டிருக்கிறது. மலையேறுகிறவர்கள் உள்ளே புகுந்து தூங்குகிற பைகளுக்கு ஜிப் மாற்றித் தருகிறார். அறை முழுக்க ஜிப்புகள், கூடாரத் துணிகள். அதே அறையில் சுவரோரக் கட்டிலில் சாய்ந்திருந்தவர் என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தார். இளைத்திருந்தார். பேச்சு பழைய பேச்சுதான்.

"ஏங்க அந்த மாத்திரையப் போட்டீங்க?" என்று கேட்டேவிட்டேன். ஆறு வாரமாக மனசை அரித்த கேள்வி.

"சளிதான்னு நெனச்சேன். எனக்கெல்லாம் அது வராதுன்னு நெனச்சேன்." கட்டிலில் கிடந்த ஜிப் ஒன்றை எடுத்து இழுத்து மூடினார். "எனக்கு வராதுங்கன்னு எத்தனையோ பேரு எங்கிட்ட சொல்லிருக்காங்கம்மா. ஒருத்தரையும் நான் நம்புனதில்ல."

மேஜைமேல் ஒரு படிவம் இருந்தது. அடுத்த மாதம் புதுப் பருவத்துக்கு மலை திறக்கிறது. 'நான் முழு உடல்தகுதியுடன் இருக்கிறேன்' என்று வழிகாட்டிகள் கையெழுத்திட்டு அனுமதி அலுவலகத்துக்குக் கொடுக்க வேண்டும். மருத்துவரின் முத்திரை அதில் விழுந்திருந்தது. கையெழுத்துக்கான இடம் மட்டும் காலி.

"டாக்டரே சரின்னுட்டாரு. இவருக்குத்தான் இன்னும் சரியாகல" என்றார் மனைவி மெஷினை மிதித்தபடி. "மலைய விட்டா இவருக்கு வேற என்ன தெரியும், சொல்லுங்க? சுடுதண்ணி வைக்கக்கூடத் தெரியாது. இத்தன வருஷத்துல வீட்ல ஒரு மாசம் சேர்ந்தாப்புல இருந்ததில்ல. இப்ப இந்த நாலு சுவத்தப் பாத்துப் பாத்து என் உயிர எடுக்கறாரு!" குரலில் கேலி இருந்தது, கண்ணில் இல்லை.

விடைபெற்று எழுந்தேன். "இருங்க, நான் தொறக்கறேன்" என்று அவரும் எழுந்தார். நான் கதவருகே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டிருக்கும்போது, தையல் மெஷின் சத்தம் சட்டென்று நின்றது. ஏன் என்று திரும்பிப் பார்த்தேன். 

கட்டிலிலிருந்து கதவு வரை பன்னிரண்டு சதுரக் கற்கள். அவற்றின் நடுவே ஓடுகிற ஒரே கோட்டின்மேல், குதிகாலும் விரலும் தொட்டுக்கொள்ள, கயிற்றுக்காரர் என்னை நோக்கி வந்துகொண்டிருந்தார். மனைவி சக்கரத்தின்மேல் வைத்த கையை எடுக்கவில்லை. ஏழு. எட்டு. ஒன்பதாவது கல்லில் அவருடைய வலது கால் கோட்டைவிட்டு அரை விரற்கடை விலகி விழுந்தது. உற்றுப் பார்த்திராவிட்டால் யாருக்கும் தெரிந்திருக்காது.

கதவுத் தாழ்ப்பாள் அவர் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. அவர் என்னைப் பார்த்து, "ஒரு நிமிஷம்மா" என்றார். திரும்பிக் கட்டில்வரை போய், குதிகாலைச் சுவரோடு ஒட்டவைத்து, முதல் கல்லிலிருந்து மறுபடி நடக்க ஆரம்பித்தார்.