வீட்டுக்காரிக்குக் கடைசிதான்

பினாங்குக்கு வந்த புதிதில், சொட்டிக்கொண்டிருந்த குழாய்க்கடியில் குடத்தை வைத்தேன். மாடிவீட்டுச் சீன அம்மாள் எட்டிப் பார்த்து, "பாயிப் ரோசாக்?" என்றாள். குழாய் கெட்டுவிட்டதா என்கிறாள். சொட்டு வீணாகிறதே, அதைத்தான் பிடிக்கிறேன் என்று எனக்குத் தெரிந்த நாலு மலாய்ச் சொற்களில் விளக்கினேன். தலையை ஆட்டிக்கொண்டு போனவள், புருஷனை ஸ்பேனரோடு கூட்டி வந்து நின்றாள்! சொட்டு நின்றது. நான் விடுவேனா? குழாயைத் திறந்து குடம், வாளி, அண்டா எல்லாவற்றையும் நிரப்பினேன். தினமும் நிரப்புகிறேன். இங்குள்ளவர்களுக்கு நான் பைத்தியக்காரி. ராமநாதபுரத்துக்காரர்களே, நீங்கள் சிரிக்கமாட்டீர்கள்.

தங்கச்சிமடத்தில் எங்கள் கொல்லையில் ஒரு மணல் ஊற்று இருந்தது. சிரட்டையால் நிதானமாக அள்ளினால் நல்ல தண்ணீர். அதுவும் லேசாகக் கரிக்கும். அவசரப்பட்டு நிறைய இறைத்தால் கடல்தான் வரும். மீன்பிடிக்கப் போன அய்யா திரும்பாததிலிருந்து, அம்மா கருவாடு காயவைத்து, ரயிலேறி பஸ் மாறிக் கமுதிச் சந்தைவரை கொண்டுபோய் விற்று எங்களை வளர்த்தாள். கூடையை இறக்கியதும் நேரே ஊற்றடிக்குத்தான் போவாள். காத்து நிற்கிற பெண்களுக்கெல்லாம் அள்ளி ஊற்றியபிறகே எங்கள் குடம் நிறையும்.

"ஏம்மா, நம்ம ஊத்துதான?"

"வீட்டுக்காரிக்குக் கடைசிதான்டி."

எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அக்கா கல்யாணத்துக்கு முந்தின நாள் பக்கத்துக் குப்பத்து ஊற்றெல்லாம் உப்பாகி, பெண்கள் கைக்குழந்தைகளோடு குடம் தூக்கி வந்தார்கள். சமையலுக்கென்று பொத்திப் பொத்தி வைத்திருந்த தண்ணீர்! நான் படலை இழுத்து மூடினேன், அம்மா திறந்துவிட்டாள். பொழுது சாய்வதற்குள் ஊற்றில் கடல் வந்துவிட்டது. மறுநாள் அந்த உப்புத் தண்ணீரில்தான் உலை வைத்தோம். சோறு கரித்தது. பருப்பு என்ன செய்தும் வேகவில்லை. சாயல்குடிப் பக்கத்திலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டு ஆம்பளைகள் கையை உதறிக்கொண்டு எழுந்தார்கள். கோவிலில் தாலி இன்னும் ஏறவில்லை.

அம்மா பந்தி நடுவே போய் நின்றாள். "பருப்பு வேகல, தப்பு என்னுதுதான். தண்ணிக்கு வந்த புள்ளக்காரிகளத் திருப்பி அனுப்ப எனக்கு மனசு வரல."

மாப்பிள்ளையின் தாயார் அந்தப் பருப்பைச் சோற்றோடு பிசைந்து ஒரு வாய் உண்டார். "எல்லாரும் உக்காருங்கப்பா. பருப்பு நாளைக்கு வேகும். இந்த வீட்டுப் பொண்ணு வந்தா, நம்ம வாசலுக்கு வந்தவுக தாகத்தோட போகமாட்டாக."

அக்கா தப்பித்தாள். என் கோபம்தான் தீரவில்லை. பெற்ற மகள் வாழ்க்கையைப் பணயம் வைக்கிற தர்மம் என்ன தர்மம் என்று, கப்பலேறும்வரை அம்மாவோடு மல்லுக்கட்டினேன்.

போன மாதம் அம்மா இறந்த தந்தி வந்தது. அடக்கத்துக்குப் போகவா முடியும்? அடுப்படியில் உட்கார்ந்து அழுது தீர்த்தேன்.

நேற்று தெருக்குழாய் உடைந்து, தண்ணீர் நின்றுவிட்டது. நிரம்பியிருந்தது என் வீடு மட்டும்தான். முதலில் மாடிவீட்டு அம்மாள் கெட்டிலோடு வந்தாள். பின்னாலேயே தெரு வந்தது. உள்ளதைச் சொல்கிறேன், கதவைச் சாத்தத்தான் போனேன். ஒரு பெண்ணின் இடுப்பில் குழந்தையைப் பார்த்ததும் செம்பை எடுத்துவிட்டேன்.

எல்லோரும் போனபின் அண்டாவின் அடியில் ஒரு செம்புத் தண்ணீர் மிஞ்சியது. "உனக்கு?" என்று சாடை காட்டினாள் மாடிவீட்டு அம்மாள்.

"வீட்டுக்காரிக்குக் கடைசிதான்" என்றேன் தமிழில். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

குடித்தேன். நல்ல தண்ணீர், துளி உப்பில்லை. அம்மாவுக்கு ஒருநாளும் வாய்க்காத தண்ணீர்.