நான்கு பக்கமும் திறந்த குடில்

வெல்டருக்கு அக்கம்பக்கத்தில் ‘குடில்காரர்’ என்றே பேர். வசதியான வீட்டுத் தோட்டங்களில் இரும்புத் தூண் நிறுத்தி, மேலே கூரை போட்டு, சுற்றிலும் பெஞ்சு வைத்துக் குடில் கட்டிக் கொடுப்பதுதான் பிழைப்பு. தேநீர் குடிக்க, பேப்பர் படிக்க, கல்யாண போட்டோ எடுக்க என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். ஒரு வீட்டில் அதற்குள் நாயைக் கட்டியிருந்தார்கள். “கொடுத்து வச்ச நாய்,” என்று மனைவியிடம் சொல்லிச் சிரித்தார்.

அது மகள் உயிரோடு இருந்தபோது. காய்ச்சலும் இருமலுமாகப் படுத்த பெண் முன்னறைக் கட்டிலிலேயே கண்ணை மூடினாள். அதற்குப் பிறகு மனைவிக்கு வீட்டுக்குள் மூச்சு முட்டியது. பின்பக்கம் துணி துவைக்கும் கல்லில் போய் உட்கார்ந்துகொள்வாள்.

“எனக்கும் ஒரு குடில் கட்டித் தாங்க. உள்ள இருக்க முடியல.”

மிச்சம் கிடந்த இரும்பை ஒட்டவைத்து வீட்டுப் பின்பக்கம் கட்டினார். அவள் பாயைத் தூக்கிக்கொண்டு அங்கேயே போய்விட்டாள். சோறு, தூக்கம் எல்லாம் அங்கேதான். அவள் அரைத் தட்டாவது சாப்பிட்டாள்; அதுவே அவருக்குப் பெரிதாக இருந்தது.

மழைக்காலம் வந்தது. சாரலில் நனைந்து அவளும் இருமத் தொடங்கினாள். இருமல் சத்தம் கேட்டதும் அவர் தகரம் தேடி எடுத்து வந்தார். காற்று வரும் பக்கம் ஒரு தகரம் அடித்தார். காற்று திசை மாறியது. இன்னொரு பக்கமும் அடித்தார். கடைசியில் கதவும் வைத்துவிட்டு, வியர்வையைத் துடைத்தபடி, “இனி ஒரு சொட்டு உள்ள வராது,” என்றார்.

அவள் சுற்றிலும் பார்த்தாள்.

“இதையும் அந்த ரூம் மாதிரியே பண்ணிட்டீங்களே.”

கோபமே இல்லாமல்தான் சொன்னாள். மறுநாள் காலையில் தன் அக்கா வீட்டுக்குக் கிளம்பினாள். அவர் தடுக்கவில்லை. எந்த வாயால் தடுப்பது?

பஸ் ஏற்றிவிட்டு வந்த கையோடு தகரங்களையெல்லாம் பிய்த்து எறிந்தார். விரல் கிழிந்ததுகூடத் தெரியவில்லை. பிறகு போன் செய்தார்.

“எல்லாத்தையும் பிரிச்சுட்டேன். முன்ன இருந்த மாதிரியே இருக்கு. வந்துடும்மா.”

“பக்கத்துலயே நம்ம வீடு இருக்குல்லங்க,” என்றாள்.

அவளே போனை வைத்தாள். மழை குடில் பெஞ்சை நனைத்துக்கொண்டிருந்தது. வீட்டுக்குள் போக மனமில்லாமல் அவர் அதிலேயே உட்கார்ந்தார்.